ஷூபாக்ஸ் ப்ராஜெக்ட்: படிக்கச் சொன்னால் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

ஹாரி பாட்டர் உலகத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு ரசிகர்கள் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிய நீண்ட ரசிகர் கதைதான் (ஃபேன் ஃபிக்‌ஷன்) 'தி ஷூபாக்ஸ் ப்ராஜெக்ட்'. 2004-ல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தில் தொடங்கியது. சென்னையில் எனக்குத் தெரிந்த ஹாரி பாட்டர் பைத்தியங்கள் யாரைப் பார்த்தாலும் இதைப் படிக்கச் சொல்வது என் வழக்கம். பதிலுக்கு அவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைத்துவிட்டேன். இனி இதையே அனுப்பிவிடலாம்.

மூலப் புத்தகங்களில் யார் சாகிறார்கள், யார் காட்டிக்கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் கீழே வரும். ஏழு புத்தகங்களையும் முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

கதை எதைப் பற்றியது?

ஹாக்வார்ட்ஸ் என்ற மந்திரப் பள்ளியின் விடுதியில் ஒரே அறையில் தங்கிப் படிக்கும் நான்கு பையன்கள்: ஜேம்ஸ் பாட்டர், சிரியஸ் பிளாக், ரீமஸ் லூபின், பீட்டர் பெட்டிக்ரூ. ரசிகர்கள் இவர்களை 'மரோடர்ஸ்' என்பார்கள். ஜேம்ஸ்தான் பின்னாளில் ஹாரிக்கு அப்பா. காலம் 1970-கள். ஹாரி என்று ஒருவன் இன்னும் பிறக்கவே இல்லை.

மூலப் புத்தகங்களில் இவர்களுடைய பள்ளிக் காலம் துண்டு துண்டாக, யாரோ ஒருவரின் நினைவாக மட்டும்தான் வரும். ஐந்தாம் புத்தகத்தில், இவர்களோடு படித்துப் பின்னாளில் ஹாரிக்கு ஆசிரியராக வந்த ஸ்னேப்பின் நினைவுக்குள் ஹாரி போய்ப் பார்க்கும் ஒரு மதிய வேளை, மூன்றாம் புத்தகத்தில் அந்தப் பாழடைந்த வீட்டில் லூபின் மூச்சுவிடாமல் சொல்லும் பழைய கதை, இப்படிச் சில துண்டுகள்தான். அந்த இடைவெளியைத்தான் இவர்கள் இருவரும் நிரப்பியிருக்கிறார்கள்.

நிரப்பிய விதம்தான் விசேஷம். வழக்கமான கதைசொல்லல் ஒரு பக்கம் ஓடும். அதற்கு நடுவே வகுப்பில் கைமாறிய சீட்டுகள், விடுமுறையில் வீட்டிலிருந்து எழுதிய கடிதங்கள், கிறுக்கல்கள், படங்கள் எல்லாம் வந்துகொண்டே இருக்கும். ஒரு ஷூ டப்பாவில் போட்டு வைத்த காகிதங்களை நாமே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதுபோல. பிளஸ் டூ கடைசி வாரத்தில் ஸ்லாம் புக் எழுதியவர்களுக்கு, அதைப் பரணில் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு, இந்த வடிவத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எழுதியவர்கள் யார்?

ஒருவர் ஜெய்டா ஜோன்ஸ். 2008-ல் வேறொருவரோடு சேர்ந்து ஒரு கற்பனை நாவலை அச்சில் வெளியிட்டு எழுத்தாளராகவே ஆகிவிட்டார். இன்னொருவர் 'ரேவ்' என்ற பெயரில் எழுதியவர்.

படம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். போதுமா?

போதாது. இது பிடிவாதத்துக்காகச் சொல்வதில்லை. மூன்றாம் படம் 2004-ல் வந்தது. அதில் அந்த மந்திர வரைபடம் இருக்கிறது. மேலே மூனி, வோர்ம்டெயில், பேட்ஃபுட், ப்ராங்ஸ் என்று நான்கு பெயர்களும் இருக்கின்றன. ஆனால் அந்த நான்கு பேர் யார், ஏன் அந்தப் பெயர்கள் என்று படம் கடைசிவரை சொல்லாமலே போய்விடுகிறது. நம் கதையின் அஸ்திவாரமே அதுதான்.

சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இது. ரீமஸ் சிறுவயதிலேயே ஓநாய் மனிதனால் கடிபட்டவன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவனைப் பள்ளிக்கு வெளியே ஒரு வீட்டில் அடைத்து வைப்பார்கள். நண்பர்கள் மூவரும் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். ஓநாய் மனிதன் மனிதர்களைத்தான் தாக்குவான், விலங்குகளை ஒன்றும் செய்ய மாட்டான். அதனால் அவனோடு துணைக்கு இருப்பதற்காகவே, ஐந்தாம் ஆண்டுக்குள் விலங்காக மாறும் வித்தையைத் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொள்கிறார்கள். ஜேம்ஸ் மான், சிரியஸ் நாய், பீட்டர் எலி. பட்டப்பெயர்கள் அப்படி வந்தவை. கூட்டாளிக்காக இவ்வளவு தூரம் போன பையன்கள் வேறு எந்தப் பள்ளிக் கதையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏழையும் படிக்க நேரமில்லை என்பவர்கள் மூன்றாவதையும் ஐந்தாவதையும் மட்டுமாவது படியுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஏசியில் உட்கார்ந்து படித்தால் வெயில் காலமும் போய்விடும்.

ஃபேன் ஃபிக்‌ஷன் என்றால் அடுத்தவர் கதையைத் திருடுவதுதானே?

கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1954-ல் முடித்தார். வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் அப்புறம் என்ன ஆனது என்று தவித்தவர்களுக்காக விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. வாங்கிப் படித்தார்கள். ஃபேன் ஃபிக்‌ஷனும் அதே ஆசையில் பிறப்பதுதான். என்ன, இங்கே எழுதுபவருக்குக் காசு கிடையாது, பதிப்பகம் கிடையாது, பெரும்பாலும் சொந்தப் பெயர்கூடக் கிடையாது.

சட்டப்படி சரியா என்றால், முழுக்கத் தெளிவான பதில் கிடையாது. நம் ஊர் 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஃபேன் ஃபிக்‌ஷன் என்று தனியாக ஒரு பிரிவு இல்லை. ஹாரி பாட்டரைப் பொறுத்தவரை, பணம் பண்ணாமலும் ஆபாசமாக இல்லாமலும் இருக்கும்வரை ரசிகர் கதைகளில் ஆட்சேபணை இல்லை என்று மூலப் புத்தகங்களை எழுதிய ரௌலிங் தரப்பில் 2004-லேயே சொல்லிவிட்டார்கள். இது தொடங்கிய அதே வருடம்.

இரண்டு பேர் எழுதினால் கதை இரண்டு பக்கமும் இழுக்காதா?

எல்லாரும் இதைச் சந்தேகமாகத்தான் கேட்கிறார்கள். நான் இந்தக் கதையைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணமே இதுதான்.

நண்பர்கள் பேசிக்கொள்வதை ஒருவரே எழுதும்போது ஒரு சிக்கல் வரும். கேலி செய்பவனும் அவரே, திருப்பிக் கொடுப்பவனும் அவரே. பந்து எங்கே விழும் என்று அவருக்கு முன்பே தெரியும். அதனால் எல்லாருடைய பேச்சும் ஒரே அளவு புத்திசாலித்தனத்தோடு, ஒரே தாளத்தில் இருக்கும். நம் டிவி சீரியல் நண்பர்கள் கூட்டங்களைப் பாருங்கள். ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஆறு பேருக்கும் ஒரே வாய்.

நிஜக் கூட்டத்தில் அப்படி இல்லை. ஒருவன் சீரியஸாக ஏதோ சொல்ல வருவான். இன்னொருவன் அதைக் கவனிக்காமல் மத்தியானம் என்ன சாப்பாடு என்பான். மூன்றாமவன் பழைய விஷயம் ஒன்றை இழுப்பான். சொல்ல வந்தவன் சொல்லாமலே விட்டுவிடுவான், ராத்திரி வேறு மாதிரி சொல்வான். ஷூபாக்ஸின் சீட்டுகளில் இந்தத் தடம் மாறுதல் இருக்கிறது. ஒருவன் எழுதிய வரிக்குக் கீழே வேறொரு கையெழுத்து, ஓரத்தில் ஒரு கிறுக்கல், அதைப் பற்றி இன்னொரு சண்டை. எழுதியவர்களில் ஒருவர் மற்றவரைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறார் என்பது வரிக்கு வரி தெரியும். எந்த வரி யாருடையது என்று நான் தேடிப் பார்த்ததில்லை, தேடத் தோன்றவும் இல்லை.

இழுக்கவே இழுக்காதா என்றால், இழுக்கும். வாயாடல் சில இடங்களில் அளவு மீறிப் போகிறது. ஒரே நகைச்சுவையை இருவரும் ரசித்து ரசித்துப் பக்கக்கணக்கில் நீட்டியிருப்பார்கள். கறாரான எடிட்டர் ஒருவர் கையில் கொடுத்திருந்தால் கால்வாசியை வெட்டியிருப்பார். எனக்கு அந்தக் கால்வாசியும் வேண்டும் என்பது வேறு விஷயம்.

சிரிப்புக் கதையா, அழுகைக் கதையா?

சிரிப்புக் கதை. 29சி பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் படிக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார்.

ஆனால் நமக்கு முடிவு தெரியும். 1981 அக்டோபர் 31 இரவு ஜேம்ஸும் அவன் மனைவி லில்லியும் கொல்லப்படுகிறார்கள். ஜேம்ஸுக்கு அப்போது வயது 21. காட்டிக்கொடுத்தவன் பீட்டர். பழி விழுந்தது சிரியஸ் மேல், பன்னிரண்டு வருடம் அஸ்கபான் சிறை. ரீமஸ் அத்தனை வருடமும் நண்பர்கள் மூவரையும் ஒரே நாளில் இழந்தவனாக, அதிலும் ஒருவனைத் துரோகி என்றே நம்பிக்கொண்டு வாழ்கிறான். பள்ளியை விட்டு வெளியே வந்து மூன்றரை வருடத்துக்குள் இவ்வளவும் முடிந்துவிடுகிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்த விடுதி அறையைப் படிக்க வேண்டும். கதைக்குள் யாருக்கும் எதுவும் தெரியாது. அவர்கள் கவலையெல்லாம் அன்றைய தண்டனை, பரீட்சை, லில்லி திரும்பிப் பார்ப்பாளா மாட்டாளா என்பது. அதே அறையில் நாலாவது கட்டிலில் பீட்டரும் தூங்குகிறான். அவன் ஏதாவது அசட்டுத்தனமாகச் சொல்லி மற்ற மூவரும் சிரிக்கும்போது உங்களுக்கும் சிரிப்பு வரும், கூடவே வயிற்றில் ஏதோ செய்யும். ஆசிரியர்கள் ஒரு வரியில்கூட 'பார்த்தாயா' என்று நம்மை இடிப்பதில்லை. எதுவுமே நடக்காததுபோல அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பல ரசிகர் கதைகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான், வரப்போகும் துயரத்துக்கு முன்கூட்டியே ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிடும்.

இன்னொன்று. கதை தொடங்கியபோது ஐந்து புத்தகங்கள்தான் வந்திருந்தன. 2003-ல் வந்த ஐந்தாவதில் சிரியஸ் செத்துவிட்டான், ஆனால் ரீமஸ் உயிரோடு இருந்தான். 2007 ஜூலையில் ஏழாவது வந்து அவனையும் கொண்டுபோனது. அன்று வாரக்கணக்கில் காத்திருந்து படித்தவர்களுக்கு நால்வரில் ஒரு நல்லவனாவது மிச்சம் இருந்தான். இன்றைக்குப் படிக்கும் நமக்கு அந்த ஆறுதலும் இல்லை.

ரீமஸுக்கும் சிரியஸுக்கும் காதலாமே?

ஆமாம். தெரியாமல் போய் நடுவில் அதிர்ச்சி அடைய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டு பையன்கள், நெருங்கிய நண்பர்கள், அது எங்கே நட்பைத் தாண்டியது என்று அவர்களுக்கே விளங்காமல் நெடுநாள் தடுமாறுகிறார்கள். மெதுவாக, மிக மெதுவாகப் போகும். மூலப் புத்தகங்களில் இது கிடையாது, ரீமஸ் அங்கே டாங்ஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். 'எனக்கு இந்த மாதிரி கதை ஒத்துவராது' என்று முதலில் தயங்கியவர்கள்கூட, ஏன் இரண்டு பேரும் இன்னும் வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கவில்லை என்று பாதியில் எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள்.

என் பெண் எட்டாவது படிக்கிறாள், கொடுக்கலாமா?

நான் கொடுக்க மாட்டேன். கெட்ட வார்த்தைகள் தாராளம், விடலைப் பையன்களின் பச்சைப் பேச்சும் உண்டு. முதலில் நீங்கள் கொஞ்சம் படித்துப் பாருங்கள். பிளஸ் ஒன் வந்த பிறகு அவளே கண்டுபிடித்துப் படிப்பாள். அப்போது உங்களிடம் கேட்க மாட்டாள்.

'ஆல் தி யங் டூட்ஸ்' படித்தாயிற்று. இதையும் படிக்க வேண்டுமா?

இருபது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தவறாமல் கேட்பது இது. தெரியாதவர்களுக்கு: அதுவும் மரோடர்ஸ் கதைதான். 2017-18-ல் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் கதைத் தளத்தில் ஒருவரே எழுதியது. 188 அத்தியாயம், ஐந்து லட்சம் வார்த்தைகளுக்கு மேல். டிக்டாக் வழியாக உலகம் முழுக்கப் பரவியது.

இரண்டும் வேறு வேறு ருசி. அது ரீமஸை அனாதை விடுதியில் வளர்ந்த, வறுமை தெரிந்த பையனாக மாற்றி, பள்ளி, போர், அதற்குப் பிந்தைய வெறுமை என்று நேராகக் கொண்டுபோகும். வாழ்க்கை வரலாறு மாதிரி. ஷூபாக்ஸுக்கு அந்த அவசரம் இல்லை. ஒரு மழைநாள், ஒரு கடிதம், ஒரு உப்புச்சப்பில்லாத சண்டை போதும் அதற்கு. அதைப் படித்து மூன்று நாள் அழுதீர்கள் என்றால், இதைப் படியுங்கள். அதே பையன்கள் சந்தோஷமாக இருந்ததையும் பார்க்க வேண்டும் அல்லவா. எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் ஷூபாக்ஸ் என்பேன்.

புத்தகத்தில் இருப்பதற்கும் இதற்கும் விவரங்கள் ஒத்துப்போகவில்லையே?

போகாது. ஸ்னேப்பின் லில்லி காதல் 2007-ல்தான் தெரியவந்தது. ஜேம்ஸின் அப்பா பெயர் ஃப்ளீமாண்ட் என்பது 2015-ல் பாட்டர்மோர் தளத்தில் ரௌலிங் எழுதிய பிறகு வந்த சங்கதி. 2004-ல் எழுத உட்கார்ந்தவர்களுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அன்றைக்குக் கிடைத்த துண்டுகளை வைத்து மீதியை ஊகித்திருக்கிறார்கள். விக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு தப்புக் கண்டுபிடிப்பவர்களுக்கு இது தோதான கதை இல்லை.

ரௌலிங்கின் கருத்துகள் பிடிக்கவில்லை, அவருக்கு ஆதரவு தர விருப்பமில்லை. என்ன செய்வது?

இதைப் படிப்பதால் அவருக்கு ஒரு பைசாவும் போகாது. திருநர் பற்றிய அவருடைய பேச்சுக்குப் பிறகு, புத்தகம் வாங்குவதை நிறுத்திவிட்டு ரசிகர் கதைகளோடு மட்டும் இருந்துகொண்டவர்கள் நிறைய. வேண்டவே வேண்டாம் என்று முழுசாக விலகியவர்களும் உண்டு. அவர்களை நான் வற்புறுத்துவதில்லை.

ஆங்கிலம் கஷ்டமா?

கொஞ்சம். இங்கிலாந்துப் பள்ளிப் பையன்களின் எழுபதுகளின் கொச்சை, நீள நீளமான வாக்கியங்கள், வேண்டுமென்றே செய்த எழுத்துப் பிழைகள். புரியாத இடத்தில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பாதிக்குப் பாதி பிடிபட்டுவிடும். அகராதியோடு உட்கார்ந்தால் சிரிப்பு போய்விடும்.

எங்கே கிடைக்கும்? பிரிண்ட் போடலாமா?

முதலில் வந்தது லைவ்ஜர்னலில். அப்புறம் ரசிகர்கள் பிடிஎஃப் ஆகத் தொகுத்தார்கள். கதையின் பெயரைப் போட்டுத் தேடினால் வரும். படங்கள் இருக்கிற பதிப்பாகப் பாருங்கள். வெறும் எழுத்தை மட்டும் எடுத்துப்போட்ட பதிப்பில் கையெழுத்துச் சீட்டுகள் எல்லாம் சாதாரண வரிகளாகிவிடும், பாதி உயிர் போய்விடும்.

உங்களுக்காக ஒரு பிரதி திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை. மொத்தத்தையும் ஒரே கட்டாகப் போடச் சொல்லாதீர்கள், கையில் பிடிக்க முடியாது, இரண்டு மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் பத்து காப்பி போட்டு அட்டை அச்சடித்து இன்ஸ்டாகிராமில் விற்பது வேறு. இலவசமாக எழுதியவர்களின் உழைப்பு அது. ரசிகர் கதைகளை ஓரளவு விட்டுவைத்திருப்பதே அதில் பணம் புரளவில்லை என்பதால்தான்.

தமிழில் மொழிபெயர்க்கலாமா?

எழுதியவர்களிடம் கேட்டு, சரி என்றால் செய்யுங்கள். அந்த நான்கு பேரின் பேச்சைத் தமிழில் கொண்டுவருவது சாமானிய வேலை இல்லை.

இதைப் படித்துவிட்டு எங்களுக்கும் சேர்ந்து எழுத ஆசை வந்துவிட்டது. எப்படித் தொடங்குவது?

வரும், எல்லாருக்கும் வரும். வழக்கமாக எல்லாரும் தொடங்கும் விதம் 'ஆளுக்கொரு அத்தியாயம்'. அது பெரும்பாலும் மூன்றாவது ஆளோடு நின்றுவிடும். முதல் ஆள் சாகடித்தவனை இரண்டாம் ஆள் பிழைக்க வைப்பார், மூன்றாம் ஆளுக்கு செமஸ்டர் வந்துவிடும்.

அத்தியாயத்தைப் பிரிக்காமல் ஆட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரம் ஒருவருக்கு. அந்தப் பாத்திரம் எழுதும் கடிதம், சீட்டு, வாட்ஸ்அப் செய்தி எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு கூகுள் டாக் போதும். நீங்கள் எழுதிப் போட்டதும் அடுத்தவர் என்ன பதில் போடுவார் என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும், அதுதான் சரக்கு. இடையில் வரும் கதைசொல்லலை மட்டும் ஒருவர் கையில் விடுங்கள். தேதி, யாருக்கு என்ன தெரியும், யார் யாரோடு சண்டை என்பதையும் அவரே ஒரு தனித்தாளில் குறித்து வரட்டும். முடிவு என்ன என்பதை எல்லாரும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்வது நல்லது, நடுவழியை விட்டுவிடலாம்.

ஹாக்வார்ட்ஸிலேயே எழுத வேண்டும் என்றும் இல்லை. அந்த நால்வரைக் கொண்டுவந்து சென்னைப் பள்ளியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆல்டர்நேட் யூனிவர்ஸ் என்ற வகையில் அது சேரும். அப்படிச் செய்தால் இட்லி, கடற்கரை, மழை என்று மேலாகத் தூவிவிட்டுப் போகாதீர்கள். சிரியஸ் வீட்டை விட்டு ஓடிவருகிறான் என்றால் எந்த ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினான், சீசன் டிக்கெட் யாருடையது, ஜேம்ஸின் அம்மா கேள்வி கேட்காமல் தட்டு வைத்தாரா, அல்லது முதலில் அவன் வீட்டுக்குப் போன் போட்டாரா என்று யோசியுங்கள். பௌர்ணமியன்று ரீமஸ் ஏன் டியூஷனுக்கு வரவில்லை என்பதற்கு அவனுக்கு ஒரு பொய் வேண்டும், மாதாமாதம் செத்துப்போகும் பாட்டி எத்தனை நாள் தாங்குவாள்? அவர்கள் சீட்டு எழுதிக்கொள்வது பிசிக்ஸ் ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தில் என்றால், அந்தப் பக்கம் கிழிந்தது சாருக்குத் தெரியும் நாளும் வர வேண்டும்.

பாத்திரங்கள் பள்ளி மாணவர்கள், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள். படுக்கையறைக் காட்சிகள் வேண்டாம் என்பதை ஆரம்பத்திலேயே எல்லாரும் ஒத்துக்கொள்ளுங்கள். இதில் சட்டமும் கடுமையாக இருக்கிறது.

எழுதி முடித்து வெளியிட நினைத்தால், ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் ஒரே கதைக்குப் பல பேரை ஆசிரியர்களாகச் சேர்க்க வசதி உண்டு. லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு 2009 முதல் நடத்திவரும் தளம், விளம்பரம் கிடையாது, 2019-ல் ஹியூகோ விருதும் வாங்கியது. மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. போட்டுவிட்டு எனக்கும் இணைப்பை அனுப்புங்கள், பீட்டரை யார் எழுதினார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.